எழுதாமல் விட்ட சொல்

1787ஆம் ஆண்டு மே முதல் செப்டம்பர் வரை பிலடெல்பியா நகரில் கூடி அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலமைப்புச் சட்டத்தை வரைந்த பெருமக்கள், சொற்களை நிறுத்துப் பார்த்து எழுதும் ஆற்றல் வாய்ந்தவர்கள். அவர்கள் எழுதிய சட்டத்தில் ‘அடிமை’ என்னும் சொல் ஓரிடத்திலேனும் இல்லை. அடிமைகளே இல்லாமையால் அச்சொல் இடம்பெறவில்லை என்று எண்ணிவிடலாகாது. மூன்றாண்டுகள் கழித்து 1790இல் எடுக்கப்பட்ட முதற் குடிக்கணக்கில் அடிமைகளின் தொகை ஏறத்தாழ ஏழு இலட்சம். மக்கள் தொகையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அவர்களைப் பற்றிய விதிகளும் அச்சட்டத்தில் மூன்று இடங்களில் உண்டு. சொல் மட்டுமே இல்லை.

பிரதிநிதிகள் சபையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று கணக்கிடும் விதியில், சுதந்திர மனிதர்களைச் சொல்லிவிட்டு, ‘ஏனைய ஆட்கள்’ அனைவரிலும் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்துக்கொள்க என்று எழுதினர். அந்த ‘ஏனைய ஆட்கள்’ அடிமைகளே. வாக்குரிமை அவர்களுக்கு இல்லை. அவர்களது தலைகளை எண்ணிக் கிடைத்த இடங்களில் அவர்களுடைய எசமானர்கள் அமர்ந்தனர். மாநிலங்கள் ‘அனுமதிக்கத் தகுந்தவர் எனக் கருதும் ஆட்களின்’ வருகையை 1808ஆம் ஆண்டுக்கு முன் காங்கிரஸ் தடுக்கலாகாது என்றது மற்றொரு விதி. ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொணரப்பட்டவர்களுக்குச் சூட்டிய பெயர் அது. மூன்றாவது விதி, ‘பணி செய்யக் கடமைப்பட்ட ஆள்’ ஒரு மாநிலத்திலிருந்து தப்பி மற்றொரு மாநிலம் புகுந்தால், அவரை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. மனிதருள் மனிதர்க்குச் சொத்துரிமை உண்டு என்னும் கருத்தை அரசியலமைப்பில் ஏற்றுவது தவறு என்று அப்பேரவையிலேயே சொன்னவர் ஜேம்ஸ் மாடிசன். அவரும் ஓர் அடிமை உடைமையாளரே.

அரசு அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளோடு வாழ்ந்துவரும் என்போன்றோர்க்கு இந்த நடை புதிதன்று. முடிவெடுக்க விரும்பாத பொருளைப் பற்றிக் குறிப்பு எழுத நேரும்போது, பெயர் சொல்லாமல் எழுதுவதே பாதுகாப்பு என்பதை நாங்கள் முதலாண்டிலேயே கற்றுக்கொள்கிறோம். ஆனால், எங்கள் கோப்புகள் உறங்கினால் ஒருவரது ஓய்வூதியம் தாமதமாகும்; அதோடு முடிந்தது. அமெரிக்கர் உறங்கவிட்ட கோப்பு எழுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் பீரங்கி ஒலியுடன் எழுந்தது. இடைப்பட்ட காலத்தில் அது எத்தனை முறை கட்டி வைக்கப்பட்டது, ஒவ்வொரு முறையும் எத்தனை கனமேறியது என்பதையே இக்கட்டுரையில் காண முயல்கிறேன்.

அடிமை முறை தானே தேய்ந்து மறையும் என்று அன்று பலர் நம்பியதற்குக் காரணமும் இருந்தது. வடபுலத்தில் வெர்மாண்ட் 1777இலேயே அதனை விலக்கியது. பென்சில்வேனியா 1780இல் படிப்படியான விடுதலைக்குச் சட்டம் செய்தது. ஒகையோ ஆற்றுக்கு வடக்கே உள்ள நிலப்பரப்பில் அடிமை முறை கூடாது என்று 1787இலேயே காங்கிரஸ் விதித்தது. தெற்கிலோ புகையிலையால் நிலம் வளமிழந்து, விளைச்சல் குன்றி வந்தது. இந்நிலையில் 1793இல் எலி விட்னி என்பவர் பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் எந்திரம் ஒன்றைச் செய்தார். அமெரிக்கத் தென்மாநிலங்களின் உட்பகுதியில் விளையும் குற்றிழைப் பருத்தியில் கொட்டை பஞ்சோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருவர் நாள் முழுவதும் கையால் எடுத்தாலும் ஒரு பவுண்டுப் பஞ்சே தேறும். எந்திரமோ ஐம்பது பவுண்டு தந்தது. வேலையைக் குறைக்க வந்த கருவி வேலையாட்களின் தளையை இறுக்கிய விந்தை இது. கொட்டை நீக்குவது எளிதாகிவிட்டமையால், பருத்தி பயிரிடும் நிலம் பெருகிற்று. நிலம் பெருகவே, களையெடுக்கவும் காய் பறிக்கவும் கைகள் தேவைப்பட்டன.

1790இல் சில ஆயிரம் பொதிகளாக இருந்த பருத்தி விளைச்சல் 1860இல் ஏறத்தாழ நாற்பது இலட்சம் பொதிகளாயிற்று. நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தியே. ஏழு இலட்சமாக இருந்த அடிமைகளின் தொகை முப்பத்தொன்பதரை இலட்சம் ஆயிற்று. 1808க்குப் பின் வெளிநாட்டிலிருந்து கொணர்வது சட்டப்படி நின்றது. ஆயினும் வர்ஜீனியா, மேரிலாண்டு போன்ற பழைய மாநிலங்களிலிருந்து அலபாமா, மிசிசிப்பி, லூசியானா முதலிய புதிய பருத்தி நிலங்களுக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் விற்கப்பட்டும் இடம் பெயர்க்கப்பட்டும் சென்றனர். கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம், பிள்ளைகள் வேறிடம் என ஏலம் விட்ட கொடுமை இந்த உள்நாட்டு வணிகத்திலேதான் மிகுதி. வயல் வேலைக்கேற்ற இளைஞனின் விலை போருக்கு முன் ஆயிரம் டாலரைக் கடந்தது. தென்மாநிலத்தார் அடிமைகளில் முடக்கிய முதல், நாடு முழுவதும் இரயில் பாதைகளிலும் தொழிற்சாலைகளிலும் போட்ட முதலினும் மிகுதி என வரலாற்றாசிரியர்கள் கணக்கிட்டுள்ளனர். தானே தேயும் என்று காத்திருந்த பொருள் நாட்டின் தலையாய செல்வமாகிவிட்டது!

மேற்கே புதிய நிலங்கள் மாநிலங்களாகும் தோறும் அங்கு அடிமை முறை இருக்கலாமா என்னும் வினா எழுந்தது. செனட் சபையில் மாநிலத்துக்கு இருவர் என்பதால், இருவகை மாநிலங்களும் எண்ணிக்கையில் சமமாக இருத்தல் தெற்கிற்கு உயிர்நிலை போன்றது. 1820இல் பதினொன்றுக்குப் பதினொன்று என நின்ற தராசு மிசூரியின் வரவால் சாய இருந்தபோது, மெயின் என்னும் புதிய சுதந்திர மாநிலத்தை மறுதட்டில் வைத்துச் சமன் செய்தனர். எஞ்சிய லூசியானா நிலப்பரப்பில் 36 பாகை 30 நிமிட அட்சக்கோட்டின் வடக்கே, மிசூரி நீங்கலாக, அடிமை முறை கூடாது என ஒரு கோடும் கிழித்தனர். மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்று 1776இல் விடுதலைப் பிரகடனத்தில் எழுதியவரும், தம் வாழ்நாளில் அறுநூறுக்கு மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவருமான தாமஸ் ஜெபர்சன் அப்போது முதுமையில் இருந்தார். நள்ளிரவில் ஒலிக்கும் தீ மணியைப் போல் இச்செய்தி தம்மைத் திடுக்கிட வைத்தது என அவர் ஒரு கடிதத்தில் எழுதினார். ஏனையோர் மணி நின்றுவிட்டது என்று எண்ணி உறங்கப் போயினர்.

1830க்குப் பின் பேச்சின் தொனியே மாறிற்று. 1831 சனவரியில் வில்லியம் லாயிட் காரிசன் பாஸ்டன் நகரில் ‘லிபரேட்டர்’ என்னும் இதழைத் தொடங்கி, உடனடி விடுதலை வேண்டும் என முழங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில் வர்ஜீனியாவில் நாட் டர்னர் என்னும் அடிமையின் தலைமையில் நிகழ்ந்த கிளர்ச்சியில் ஐம்பதுக்கு மேற்பட்ட வெள்ளையர் உயிரிழந்தனர். அதற்குப் பழியாகக் கிளர்ச்சியில் தொடர்பில்லாத கறுப்பின மக்களும் கொல்லப்பட்டனர். முந்தைய தலைமுறைத் தென்னகத் தலைவர்கள் அடிமை முறையைத் தவிர்க்க இயலாத தீமை என்றனர். 1837இல் செனட் சபையில் ஜான் கால்ஹூன் அது தீமையன்று, நன்மையே என்றார். ஒருவர் தம் குற்றத்துக்கு நாணும் வரை அவரோடு பேசி இணங்க வழியுண்டு. குற்றமே அறம் என்று அவர் சாதிக்கத் தொடங்கிய பின் பேச்சுக்கு இடமேது?

இக்காலத்து நிகழ்ச்சிகளுள் என் மனத்தை மிகவும் ஈர்ப்பது மனுக்களின் கதையாகும். அடிமை முறைக்கு எதிராக வடபுல மக்கள், குறிப்பாக வாக்குரிமையற்ற பெண்கள், வீடு வீடாகச் சென்று கையொப்பம் பெற்று, காங்கிரசுக்கு ஆயிரக்கணக்கில் மனுக்களை அனுப்பினர். 1836இல் பிரதிநிதிகள் சபை ஒரு விதி செய்தது. அடிமை முறை தொடர்பான எந்த மனு வந்தாலும் அதனைப் படிக்காமல், அச்சிடாமல், குழுவுக்கு அனுப்பாமல், மேசைமேல் வைத்துவிட வேண்டும், அவ்வளவே. மனு பெறப்பட்டது, மேல் நடவடிக்கை இல்லை. இவ்விதி ‘வாய்ப்பூட்டு விதி’ எனப் பெயர் பெற்று எட்டாண்டுகள் நீடித்தது.

அதனை எதிர்த்து நின்றவர் ஜான் குவின்சி ஆடம்ஸ். 1825 முதல் 1829 வரை நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கிய அவர், பதவி முடிந்தபின் பிரதிநிதிகள் சபைக்குச் சாதாரண உறுப்பினராக வந்தவர். எழுபது வயதை எட்டிய அம்முதியவர் மனுக்களைக் கையிலேந்தி, எழுந்து, அமர்த்தப்பட்டு, மீண்டும் எழுந்தார். ஒருமுறை, அடிமைகளே எழுதியதாகக் கூறப்பட்ட மனு ஒன்று தம்மிடம் உள்ளது, அதனை ஏற்கலாமா என்று அவைத்தலைவரைக் கேட்டார். அவை கொதித்தது, அவரைக் கண்டிக்கத் தீர்மானம் வந்தது. அம்மனு அடிமை முறையை ஒழிக்க வேண்டா என்று கேட்பது என அவர் பின்னர் அமைதியாகத் தெரிவித்தபோது கொதித்தவர்களின் முகங்கள் எப்படி இருந்திருக்கும்! இறுதியில் 1844 டிசம்பரில் அவ்விதி நீக்கப்பட்டது. அடிமைகளைப் பற்றிக் கவலைப்படாத வடபுலத்தார் பலரும், தம் சொந்த மனு செய்யும் உரிமைக்கே தெற்கு பூட்டுப் போடுகிறது என்று உணரத் தொடங்கியது இந்த எட்டாண்டுகளில்தான். தூரத்துக் கொடுமை வீட்டு வாயிலுக்கு வந்துவிட்டது.

1844இல் மெதடிஸ்டு திருச்சபையும், 1845இல் பாப்டிஸ்டு திருச்சபையும் அடிமை முறை காரணமாக வடக்கு தெற்கெனப் பிரிந்தன. நாடு பிரிவதற்கு முன்பே பிரார்த்தனை பிரிந்துவிட்டது.

மெக்சிகோவோடு 1846 முதல் 1848 வரை போரிட்டுப் பெற்ற பெருநிலம் பழைய வினாவைப் புதுப்பித்தது. 1850இல் ஹென்றி கிளே முதலியோர் முயற்சியால் மற்றோர் உடன்பாடு பிறந்தது. கலிபோர்னியா சுதந்திர மாநிலமாயிற்று. அதற்கு ஈடாகத் தெற்கு பெற்றது தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தரும் கடுஞ்சட்டம். அச்சட்டத்தின் நடைமுறையைச் சற்று நின்று நோக்க வேண்டும். பிடிபட்டவர் தம் சார்பில் சாட்சி சொல்லலாகாது. அவருக்கு ஜூரி விசாரணை கிடையாது. தீர்ப்பளிக்கும் ஆணையருக்கு வழக்குக்கு இவ்வளவு எனக் கட்டணம்: பிடிபட்டவரை உடைமையாளரிடம் அனுப்பினால் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். அனுப்பும் வழக்கில் ஆவணங்கள் எழுதும் வேலை மிகுதி என்பது சட்டம் செய்தோர் கூறிய சமாதானம். எழுத்து வேலையால் வாழ்பவன் நான். ஆயினும் அதற்கு இப்படி ஒரு விலை உண்டு என்பதைப் படித்த அன்று நெடுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். உதவிக்கு அழைத்தால் எந்தக் குடிமகனும் மறுக்கலாகாது என்றும் அச்சட்டம் கூறிற்று. 1854இல் அந்தோனி பர்ன்ஸ் என்பவரைப் பாஸ்டன் தெருக்களின் வழியே படைவீரர் சூழக் கப்பலுக்கு நடத்திச் சென்றபோது, பல்லாயிரம் மக்கள் இருமருங்கும் நின்று பார்த்தனர்.  இச்சட்டத்தின் சூட்டிலேதான் ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் ‘டாம் மாமாவின் குடிசை’ 1852இல் நூலாக வெளிவந்து, ஓராண்டிலேயே அமெரிக்காவில் மூன்று இலட்சம் படிகள் விற்றது.

அதே 1854இல் ஸ்டீபன் டக்ளஸ் கொண்டுவந்த கான்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம் 1820இன் கோட்டை அழித்தது. அங்கே குடியேறுவோரே வாக்களித்து முடிவு செய்துகொள்ளட்டும் என்றது. கேட்பதற்கு இனிய மக்களாட்சிதான். ஆனால், எவரை விலங்கிடலாமா என்று வாக்கெடுப்போ, அவருக்கு வாக்கில்லை. இருதரப்பாரும் துப்பாக்கிகளோடு கான்சாஸில் குடியேறினர். கள்ள வாக்கும் கொலையும் மலிந்தன. 1856 மே 22 அன்று செனட் சபையினுள்ளேயே, கான்சாஸ் பற்றிக் கடுமையாகப் பேசிய சார்லஸ் சம்னரைத் தென் கரோலினாவின் பிரஸ்டன் புரூக்ஸ் கைத்தடியால் அடித்து வீழ்த்தினார். சம்னர் தம் இருக்கைக்கு முழுமையாகத் திரும்ப மூன்றாண்டுகள் ஆயின. தெற்கிலிருந்து புரூக்சுக்குப் புதிய கைத்தடிகள் அன்பளிப்பாக வந்து குவிந்தன. சொல் தோற்ற இடம் இது எனலாம்.

சட்டமன்றம் தீர்க்காததை நீதிமன்றம் தீர்க்கும் என எதிர்பார்த்தவர்களும் இருந்தனர். டிரெட் ஸ்காட் என்னும் அடிமை, தம் எசமானரான படை மருத்துவரோடு சுதந்திர நிலங்களில் வாழ்ந்தமையால் தாம் விடுதலை பெற்றவர் என்று 1846இல் வழக்குத் தொடுத்தார். பதினோராண்டுகள் கழித்து, 1857 மார்ச்சு 6 அன்று தலைமை நீதிபதி ரோஜர் டேனி தீர்ப்புரைத்தார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகளின் குடிமக்களாகார். வழக்குத் தொடுக்கவே ஸ்காட்டுக்கு உரிமையில்லை. ஆட்சிப்பரப்புகளில் அடிமை முறையைத் தடுக்கக் காங்கிரசுக்கு அதிகாரமும் இல்லை. இணக்கத்துக்கு இருந்த நிலம் இதனால் ஒரே நாளில் மறைந்தது. அடிமை முறை பரவலாகாது என்பதற்காகவே தோன்றி மூன்றாண்டுகளே ஆன குடியரசுக் கட்சியின் கொள்கை சட்டவிரோதம் என்றாயிற்று.

1859 அக்டோபரில் ஜான் பிரௌன் ஹார்ப்பர்ஸ் பெரி ஆயுதக் கிடங்கைச் சிறு குழுவுடன் தாக்கிப் பிடிபட்டு, டிசம்பர் 2 அன்று தூக்கிலிடப்பட்டார். வடக்கில் சிலர் அவரைத் தியாகி என்றனர். தெற்கு அச்சத்தால் நடுங்கிற்று. அடுத்த ஆண்டுத் தேர்தலில் நால்வர் போட்டியிட, நூற்றுக்கு நாற்பது வாக்குகளே பெற்று ஆபிரகாம் லிங்கன் வென்றார். பத்துத் தென்மாநிலங்களில் அவருக்கு வாக்குச் சீட்டே இல்லை. மாநிலங்களில் உள்ள அடிமை முறையில் தாம் கைவைக்கப் போவதில்லை, பரவுவதை மட்டுமே தடுப்போம் என்று அவர் பன்முறை கூறினார். பின் ஏன் தெற்கு பிரிந்தது? அப்போது சுதந்திர மாநிலங்கள் 18, அடிமை மாநிலங்கள் 15. பரவாதது ஒருநாள் சிறுபான்மையாகி, இறுதியில் அழியும் என்பதைத் தெற்கும் அறியும், லிங்கனும் அறிவார். 1860 டிசம்பர் 20 அன்று தென் கரோலினா பிரிந்தது. அங்கு மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் அடிமைகள். பிரிவினைக்கு அவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை.

கடைசி நேரத்திலும் காங்கிரஸ் பழைய மருந்தையே நாடிற்று. 1861 மார்ச்சுத் தொடக்கத்தில் கார்வின் திருத்தம் என்னும் அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. மாநிலங்களின் ‘உள்நாட்டு அமைப்புகளில்’ காங்கிரஸ் என்றைக்கும் தலையிடலாகாது; ‘உழைக்கவோ பணி செய்யவோ கடமைப்பட்ட ஆட்கள்’ தொடர்பானவையும் அவற்றுள் அடங்கும் என்றது அது. எழுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சொல்லை எழுதக் கை எழவில்லை. மாநிலங்கள் போதுமான அளவில் ஒப்புதல் தராமையால் அது செயலுக்கு வரவில்லை.

எழுதக் கூசாதவர்கள் பிரிந்து போனவர்களே. 1861 மார்ச்சு 11 அன்று மாண்ட்காமரி நகரில் தென்னகக் கூட்டரசு ஏற்ற அரசியலமைப்பு, பழைய சட்டத்தைப் பெரும்பாலும் அப்படியே படியெடுத்தது. ‘ஏனைய ஆட்கள்’ இருந்த இடத்தில் ‘அடிமைகள்’ என எழுதிற்று. நீக்ரோ அடிமைகளின் மீதான சொத்துரிமையைக் குலைக்கும் சட்டம் எதுவும் செய்யலாகாது எனவும் விதித்தது. பத்து நாட்களில் அதன் துணைத்தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், கறுப்பர் வெள்ளையர்க்குச் சமமல்லர் என்பதே தம் புதிய அரசின் மூலைக்கல் என சவானா நகரில் பேசினார். போர் தோற்றபின், தாங்கள் போரிட்டது மாநில உரிமைக்காகவே என்று தென்னகத்தார் நூல்கள் எழுதினர். இன்றும் அவ்வாறு கூறுவோர் உளர். அது ஏற்கத்தக்கதன்று. தப்பி வந்தவர்களைப் பிடித்துத் தர வடமாநிலங்கள் தம் மாநில உரிமையைக் காட்டி மறுத்தபோது, அதனையே பிரிவினைக்குக் காரணமாகத் தென் கரோலினாவின் அறிக்கை குற்றஞ்சாட்டியது.

ஏப்ரல் 12 அன்று சம்டர் கோட்டைமேல் குண்டு விழுந்தது. போரின் களங்களை விரிக்க இங்கு இடமில்லை. நான்காண்டுகளில் மாண்டோர் ஆறு இலட்சத்து இருபதாயிரம் என்பது பழைய கணக்கு, ஏழரை இலட்சம் வரை என்பது அண்மை ஆய்வுகளின் கணிப்பு. அமெரிக்கப் பஞ்சு நின்றதால் இந்தியப் பஞ்சுக்கு விலை ஏறி, பம்பாய்க்குப் பணம் வெள்ளமாகப் பாய்ந்ததும், 1865இல் போர் முடிந்தவுடன் அவ்வெள்ளம் வற்றிப் பெருவணிகர் நொடித்ததும் இந்நகர்த் தமிழன்பர்கள் கேட்டிருக்கக் கூடும். நாம் நாள்தோறும் கடந்து செல்லும் இராஜாபாய் மணிக்கூண்டு, அந்நாளில் பஞ்சில் பெரும்பொருள் ஈட்டிய பிரேம்சந்த் ராய்சந்த் தம் அன்னையின் பெயரால் அளித்த கொடையில் எழுந்ததே.

போர்க்காலத்தின் ஒரு நிகழ்ச்சியை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. 1861 மே மாத இரவொன்றில் பிராங்க் பேக்கர், ஷெப்பர்டு மலோரி, ஜேம்ஸ் டவுன்செண்டு என்னும் மூன்று அடிமைகள் படகேறித் தப்பி, வர்ஜீனியாக் கரையில் வடபடையின் வசமிருந்த மன்றோ கோட்டைக்கு வந்தனர். மறுநாள் உடைமையாளரின் ஆள் வந்து, தப்பியோடியோர் சட்டப்படி அவர்களைக் கேட்டார். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் வழக்கறிஞராக இருந்தவர். வர்ஜீனியா தன்னை வேற்று நாடு என்கிறது, வேற்று நாட்டுக்கு எங்கள் சட்டம் பொருந்தாது என்று கூறி, அம்மூவரையும் ‘போர்த் தடைச் சரக்கு’ எனப் பதிவு செய்துகொண்டார். மீண்டும் ஒரு மாற்றுச் சொல்! ஆயினும் இம்முறை அது விடுதலையின் பக்கம் சாய்ந்தது. செய்தி பரவவே, நூற்றுக்கணக்கிலும் பின்னர் ஆயிரக்கணக்கிலும் அடிமைகள் படைமுகாம்களை நாடி வந்தனர். லிங்கனின் 1863 சனவரி 1ஆம் நாள் விடுதலைப் பிரகடனத்துக்கு அவர்களுடைய கால்களே முன்வழி அமைத்தன. ஏறத்தாழ ஒரு இலட்சத்து எண்பதாயிரம் கறுப்பின வீரர்கள் வடபடையில் சேர்ந்து போரிட்டனர். அந்தக் கோட்டை நிற்கும் கடல்முனைக்குப் பாயிண்ட் கம்பர்ட் என்று பெயர். 1619இல் வர்ஜீனியாவுக்கு முதன்முதலாக இருபதுக்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கொணர்ந்த கப்பல் வந்து நின்ற இடமும் அதுவே.

1865 சனவரி 31 அன்று பிரதிநிதிகள் சபை பதின்மூன்றாம் திருத்தத்தை நிறைவேற்றியது. டிசம்பர் 6 அன்று தேவையான மாநிலங்களின் ஒப்புதல் நிறைவு பெற்றது. குற்றத்துக்குத் தண்டனையாக அன்றி, அடிமை முறையோ கட்டாய ஊழியமோ ஐக்கிய நாடுகளில் இருத்தலாகாது என்பது அதன் பொருள். அந்நாட்டு அரசியலமைப்பில் அச்சொல் முதன்முறையாக எழுதப்பட்டது அப்போதுதான். கார்வின் திருத்தம் நிறைவேறியிருப்பின் பதின்மூன்றாவது என்னும் எண் அதற்கே போயிருக்கும்.

ஒப்புதல் தர மறுத்த மாநிலங்களுள் மிசிசிப்பியும் ஒன்று. 1995இல் அதன் சட்டமன்றம் மனம் மாறி ஒப்புதல் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால், அதன் படியை வாஷிங்டனில் உள்ள உரிய அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியவர்கள் அனுப்பவில்லை. லிங்கனைப் பற்றிய திரைப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டுப் பதிவேடுகளைத் தேடிய அம்மாநிலவாசி ஒருவர் அதனைக் கண்டுபிடித்துச் சொன்ன பின்னரே தாள் அனுப்பப்பட்டது. 2013 பிப்ரவரி 7 அன்று மிசிசிப்பியின் ஒப்புதல் பதிவாயிற்று.